மலைத் தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த மனை எப்போது?

தோட்டத் தொழிலாளருக்கென்று 1951ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம், 2025 நவம்பர் 21ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அதன் ஷரத்துகள் பிரித்துச் சேர்க்கப்பட்டுவிட்டன. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைகளின் படிப்பு ஆகியவை ஒரு சட்டத்தில் இருக்கின்றன. தோட்டத்து வீடு இடிந்து உயிர் போனால் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு வேறொரு சட்டத்தில் இருக்கிறது. இவை எந்த அளவுக்கு, எந்தத் தரத்தில் கிடைக்கும் என்பது மாநில அரசுகள் வகுக்கும் விதிகளைப் பொறுத்தது.

பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்த இந்த நேரத்தில், இரண்டிலுமே விடை இல்லாத ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. மூணாறிலும் வால்பாறையிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் மூன்று, நான்கு தலைமுறைகளாக மலையிலேயே பிறந்து, மலையிலேயே உழைத்து, மலையிலேயே அடக்கமானவர்களின் சந்ததிக்கு, அந்த மலையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் உண்டா? பெரும்பாலோருக்கு இல்லை என்பதே பதில்.

சட்டம் தந்த வீடு

1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவருடைய குடும்பத்துக்கும், முதலாளி வீடு கட்டித் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒண்டிக்கிடந்த காலம் உண்டு. ஆகவே அந்தச் சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் சட்டம் வீட்டைத் தந்தது தொழிலாளி என்ற நிலைக்கே தவிர, மனிதருக்கு அல்ல. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை வீடு உண்டு. பெயர் அடிக்கப்பட்டால் வீடும் போயிற்று. மூணாறில் லயம் என்றும், வயநாட்டில் பாடி என்றும், தமிழ்நாட்டு எஸ்டேட்டுகளில் லயன் என்றும் சொல்லப்படும் அந்த வரிசை வீடுகளில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தாலும், ஓய்வு பெற்றவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டைக் காலி செய்து கொடுத்த பிறகே கிராஜுவிட்டி என்ற வழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது.

சமவெளியில் ரயில்வே குவார்ட்டர்ஸிலோ, கம்பெனி குவார்ட்டர்ஸிலோ வசிக்கும் ஊழியரும் ஒரு நாள் காலி செய்ய வேண்டியவர்தானே என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. குமாஸ்தா ஒருவருக்கு வேலைக் காலத்திலேயே வீட்டுக் கடன் கிடைக்கும். பிராவிடண்ட் பண்டிலிருந்து முன்பணம் எடுத்து ஊரில் மனை வாங்கிப் போடலாம். தோட்டத் தொழிலாளியின் கூலியில் இதற்கெல்லாம் இடமில்லை.

நாள் கூலி 450 ரூபாய், சேவைக் காலம் 30 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் கிராஜுவிட்டி 2,02,500 ரூபாய் வரும். மூணாறிலோ கூடலூரிலோ இந்தத் தொகைக்கு ஒரு மனை வாங்கி அதில் வீடும் கட்ட முடியுமா என்று கேட்கவே வேண்டியதில்லை. சுற்றுலா வந்த பிறகு மலையில் நிலத்தின் விலை சமவெளி நகரங்களோடு போட்டி போடுகிறது.

இதனால் பல குடும்பங்களில் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடக்கிறது. தாயும் தந்தையும் ஓய்வு பெறும் தருணத்தில், வெளியூரில் படித்தோ வேலை பார்த்தோ கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவரைத் திரும்ப அழைத்துத் தோட்டத்தில் பெயர் பதிய வைக்கிறார்கள். கொழுந்து கிள்ளுவதில் விருப்பம் இருந்து அல்ல, வீட்டைக் காப்பாற்றுவதற்காக. ஒரு தலைமுறையின் குடியிருப்புக்கு அடுத்த தலைமுறையின் எதிர்காலமே வாடகையாகிறது.

மலை ஏறிய கதை

பூஞ்சாறு மன்னர் 1877ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குச் சாசனம் செய்து கொடுத்தார். அதன் விஸ்தீரணம் 1,37,000 ஏக்கருக்கு மேல். காட்டை வெட்டித் தோட்டம் போட ஆள் தேவைப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த கிராமங்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். போடி வழியாகக் கால்நடையாகவே மக்கள் மலை ஏறினார்கள். பின்னர் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அதை விளைவித்தவர்களின் வாழ்க்கை மட்டும் மலைமேலேயே நின்றது.

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கோரப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருந்துவிட்டன. எல்லைக் கோடு அரசியல்வாதிகளுக்கு ஒரு முடிவாக அமைந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ அது இன்னொரு சிக்கலின் தொடக்கம். தாழ்த்தப்பட்டோர் சாதிச் சான்றிதழுக்கு, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் தேதிக்கு முன்பே முன்னோர் அந்த மாநிலத்தில் குடியேறியிருந்தனர் என்று நிரூபிக்க வேண்டும். சொந்த நிலமோ பட்டாவோ இல்லாதவர் அதை எதைக் கொண்டு நிரூபிப்பார்? எஸ்டேட் ஆபீஸின் பழைய பதிவேடுதான் கதி. தேவிகுளம் தனித்தொகுதியின் தேர்தல் வழக்கில்கூட, உறுப்பினரின் பாட்டனார் எப்போது குடியேறினார் என்பது ஒரு பிரச்சினையாக எழுந்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், பள்ளிக்கூடத்துக்குச் சான்றிதழ் கேட்டு அலையும் சாதாரணத் தொழிலாளியின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நிலச் சீர்திருத்தம் எட்டாத மேடு

நிலச் சீர்திருத்தத்தில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி என்ற பெயர் பெற்றது. 1970 ஜனவரி 1ஆம் தேதி முதல், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளுக்கு அந்தக் குடிகிடப்பு மனை சொந்தமாகும் உரிமை கிடைத்தது. பஞ்சாயத்துப் பகுதிகளில் அது 10 சென்ட் வரை. பரம்பரையாக ஜமீன்தார் வரப்பில் ஒண்டியிருந்த குடும்பம் நிலத்துக்கு உடைமைக்காரரானது சாதாரணமான மாற்றம் அல்ல.

ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும் அதே விலக்கைத் தந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டால் தேயிலைத் தொழில் நசிந்து, அன்னியச் செலாவணி குறைந்துவிடும் என்பது அன்றைய வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், தோட்டத்தைத் துண்டு போடாமலே தொழிலாளிக்கு வீட்டு மனை மட்டும் பிரித்துத் தந்திருக்க முடியும். அது நடக்கவில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில், சமவெளிக் கூலிக்குக் கிடைத்த மனை மலைக் கூலிக்குக் கிடைக்காமல் போயிற்று.

1971இல் கண்ணன் தேவன் மலைக்கென்றே கேரள அரசு தனிச் சட்டம் இயற்றி நிலத்தை மீட்டது. 1974இல் நில வாரியம் தேயிலைக்கும் விறகுக்கும் பிற தேவைகளுக்குமாகச் சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனி வசம் விட்டது. இந்த அளவை மனத்தில் வைத்து ஒரு கணக்குப் போடலாம். 12,000 குடும்பங்களுக்குத் தலா 5 சென்ட் கொடுத்தால் ஆகும் நிலம் 600 ஏக்கர். 57,000 ஏக்கரில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். இதற்காக எந்தத் தேயிலைத் தோட்டமும் மூடப்பட்டுவிடாது.

2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தை நாடே திரும்பிப் பார்த்தது. முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. ஒன்பதாம் நாள் 20 சதவீதம் என்று உடன்பாடு ஏற்பட்டது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த மாதம் 301 ரூபாயாயிற்று. அந்தத் தோட்டங்களை 2005 முதல் நடத்தும் கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி தொழிலாளர், ஊழியர் பெயரிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கம்பெனியில் பங்கு இருந்தது. குடியிருக்கும் வீட்டில் பங்கு இல்லை.

பெட்டிமுடி சொன்ன செய்தி

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. அந்த ஒரு நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லி மீட்டருக்கு மேல். நான்கு லயங்கள் மண்ணோடு மண்ணாயின. 70 உயிர்கள் போயின. அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்ததால், இரவில் நடந்தது வெளி உலகுக்குத் தெரியப் பொழுது விடிய வேண்டியிருந்தது. இறந்தவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம் பூர்வீகம். செய்தி கேட்டுக் கண்ணீரோடு மலை ஏறிய உறவினர்களை வழியில் சோதனைச் சாவடிகளும் கொரோனா காலக் கட்டுப்பாடுகளும் எதிர்கொண்டன.

மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நடந்தது. விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்த உதவி 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடியில் இறந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய். ஏன் இந்த வேற்றுமை என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

இந்த இடத்தில் சட்டத்தின் ஒரு ஷரத்தைக் கவனிக்க வேண்டும். முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆனால் இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் அந்தப் பொறுப்பு இல்லை என்றும் கூடவே கூறியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது.

மலைச் சரிவின் அடியில், ஓடையின் கரையில் லயத்தைக் கட்டுவது யார் முடிவு? தண்ணீர் வசதிக்காகவும், கிடைத்த சமதளத்துக்காகவும், தேயிலைக்கு ஆகாத மூலை என்பதற்காகவும் அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளி அல்ல. மழை இயற்கையின் செயல்தான். வீடு இருந்த இடம் மனிதனின் செயல். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி, பொறுப்பு எவருக்கும் இல்லை என்று முடிப்பது நியாயமாகாது.

பின்னர் குற்றியாறு வேலியில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. நிலம் அரசு தந்தது. வீடு கம்பெனி கட்டியது. அதாவது, நிலம் ஒதுக்கவும் வீடு கட்டவும் வழி உண்டு என்பது நிரூபணமாயிற்று. அந்த வழி திறக்க 70 பேர் சாக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

வயநாட்டில் மீண்டும்

பெட்டிமுடிக்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி, வயநாட்டில் மேப்பாடி அருகே புத்துமலை சரிந்து 17 பேர் இறந்தனர். அதிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில்தான் 2024 ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. கிட்டத்தட்ட 300 உயிர்கள் பலியாயின. மலையாளி, தமிழர், வடமாநிலத்தவர் என்ற பேதம் மண்சரிவுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கல்பற்றாவில் ஒரு தேயிலைத் தோட்ட நிலத்தையே அரசு எடுத்துக்கொண்டு புதிய நகரியம் அமைக்க முன்வந்தது. 2025 மார்ச் 27ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. குடும்பத்துக்கு 7 சென்ட் நிலமும் 1,000 சதுர அடி வீடும் என்பது திட்டம். பாடிகளில் குடியிருந்தவர்கள் பட்டியலில் இடம்பெற, வேறெங்கும் சொந்த வீடு இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. மற்றவர்கள் இழந்த வீட்டைக் கணக்குக் காட்டினார்கள். பாடிக்காரர் வீடே இல்லாததைக் கணக்குக் காட்டினார்.

இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டும். எனினும், தோட்ட நிலத்தை எடுத்துத் தொழிலாளிக்கு மனையாகக் கொடுக்க முடியும் என்ற உண்மை, ஊர் அழிந்த பிறகே அரசுகளின் கண்ணுக்குத் தெரிவது ஏன்?

மாஞ்சோலையில் மூடிய கதவு

இயற்கை கைவைக்காத இடத்திலும் வீடு போகும் என்பதற்கு மாஞ்சோலை சாட்சி. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கர் மலையை ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் எழுந்தன. கூலி உயர்வும் சிறையிலிருந்த சக தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு இந்த மக்களுக்காக நடந்த ஊர்வலம், 1999 ஜூலை 23ஆம் தேதி நெல்லையில் போலீஸ் தடியடியில் கலைந்தது. தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று.

குத்தகை 2028இல் முடிகிறது. காடு இப்போது புலிகள் காப்பகத்தின் பகுதி. 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆகஸ்ட் 7ஆம் தேதிக்குள் வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தோட்டத்தை அரசுக் கழகமே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை; மறுவாழ்வு ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கூறியது.

மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்தவருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறதே என்ற வாதமும் எழுந்தது. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. கீழே பாயும் தாமிரபரணியும் மணிமுத்தாறும் அந்தக் காட்டின் கொடை. ஆனால் காட்டை வெட்டித் தோட்டமாக்கியதன் இலாபம் ஒருவருக்கும், அதைத் திரும்பக் காடாக்குவதன் இழப்பு வேறொருவருக்கும் என்ற கணக்கு எப்படிச் சரியாகும்? சமவெளியில் ஒரு வீடு கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. ஐம்பது வயதுவரை கொழுந்து கிள்ளுவது ஒன்றையே தொழிலாகக் கொண்ட பெண் நெல்லைச் சீமையில் எந்த வேலைக்குப் போவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சர்க்கார் தோட்டத்திலும் இதே கதை

தனியார் கம்பெனி இலாபத்தைப் பார்க்கும். அரசு நடத்தும் தோட்டத்தில் நிலைமை வேறாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நீலகிரியின் கதை அந்த எதிர்பார்ப்புக்கு இடம் தரவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றாயிற்று. இலங்கை மலையகத்தில் நூறாண்டுக்கு மேல் உழைத்த அந்த மக்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது டான்டீ என்ற கழகமாயிற்று. கேரளத்தில் புனலூர் அருகேயும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் ரப்பர்த் தோட்டங்களில் இவ்வாறே தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டனர்.

இவர்கள் ஒரு மலையில் லயத்தை விட்டு இன்னொரு மலையில் லயத்துக்கு வந்தவர்கள். மறுவாழ்வு என்ற பெயரில் கிடைத்ததும் வேலையோடு ஒட்டிய வீடுதான். நஷ்டத்தைக் காரணம் காட்டி 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவெடுக்கப்பட்டபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. ஒப்பந்தம் செய்து அழைத்து வந்த மக்களுக்கே சொந்த மனை உறுதி செய்யப்படவில்லை என்றால், கங்காணி அழைத்து வந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

டார்ஜிலிங்கும் அசாமும்

இது தமிழருக்கு மட்டுமே உரிய துன்பம் என்று நினைக்க வேண்டாம். டார்ஜிலிங் மலைத் தோட்டங்களில் நேபாளி மொழி பேசும் கூர்க்கா மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக உழைக்கிறார்கள். உலகமே புகழும் தேயிலை அவர்கள் கைபட்டு வருவது. அவர்களுக்கும் குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லை. 2023இல் மேற்கு வங்க அரசு 5 டெசிமல், அதாவது 5 சென்ட், மனைப்பட்டா தருவதாக அறிவித்தபோது மலை மக்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளவில்லை. தலைமுறைகளாக வீடும் காய்கறித் தோட்டமுமாக அனுபவித்து வரும் இடம் அதைவிட அதிகம். அது முழுவதற்கும் பட்டா வேண்டும் என்றார்கள். 2025 அக்டோபர் தொடக்கத்தில் மிரிக் முதலிய இடங்களில் மலை சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பெட்டிமுடியின் கதையே அங்கும் நடந்தது.

அசாமின் தோட்டங்களில் பெரும்பாலானவை மலையில் இல்லை. பிரம்மபுத்திரா சமவெளியில் இருக்கின்றன. ஆனால் லயன் முறை அதேதான். 2025 நவம்பரில் அசாம் சட்டமன்றம் நில உச்சவரம்புச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் லயன்கள் இருக்கும் நிலத்தைத் தொழிலாளருக்கே வழங்க வகை செய்தது. தேர்தலை முன்னிட்டுச் செய்த காரியம் என்று சிலர் குறை கூறலாம். எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும், தோட்ட விலக்கு என்ற பழைய சுவரில் ஒரு மாநிலம் வாசல் திறந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. தென்மாநிலங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிர்வாகங்களின் வாதம்

தோட்ட நிர்வாகங்களுக்கும் சொல்ல நியாயம் உண்டு. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் வேறெந்தத் தொழிலிலும் முதலாளி மட்டும் சுமப்பதில்லை. தேயிலை விலை உற்பத்திச் செலவை ஒட்டியே நிற்கிறது. அயல்நாட்டுத் தேயிலையோடு போட்டி கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். அரசு, பஞ்சாயத்துத் திட்டங்கள் வழியாகவும் இந்த வசதிகளைச் செய்து தரலாம் என்று புதிய தொகுப்புச் சட்டம் இடம் கொடுத்திருப்பது இதைக் கருதியே.

இதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அரசுப் பணத்தில் வீடு கட்டுவதென்றால், அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஏழைக்கு அரசு கட்டித் தரும் வீடு சமவெளியில் ஏழைக்கே சொந்தம். மலையில் மட்டும் அது கம்பெனி நிலத்தில் நின்று, வேலை போனால் கைமாறும் என்றால், மக்களின் வரிப்பணம் எவருடைய சொத்தை வளர்க்கிறது?

இன்னொன்றும் உண்டு. 2012இல் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் செய்த திருத்தம், தோட்ட நிலத்தில் 5 சதவீதம்வரை ஓட்டல், சுற்றுலா முதலிய பிற காரியங்களுக்குப் பயன்படுத்த வழி விட்டது. சுற்றுலாப் பயணி இரண்டு இரவு தங்குவதற்காகத் தோட்ட விலக்கைத் தளர்த்த முடியுமானால், வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்தவர் தங்குவதற்காகத் தளர்த்த முடியாதா?

செய்ய வேண்டியது என்ன?

பட்டா கொடுத்துவிட்டால் போதும் என்று அவசரப்படவும் கூடாது. இப்போது லயங்கள் இருக்கும் இடங்களில் சில ஆபத்தானவை. சரியும் மலையின் அடியில் பட்டா கொடுப்பது சாவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட முடியாது. ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த லயம் பத்திரமான இடத்தில் இருக்கிறது, எது இல்லை என்று நிலவியல் நிபுணர்களைக் கொண்டு கணக்கெடுப்பது. ஆபத்தான இடத்து வீடுகளை அடுத்த மழைக்கு முன்பே மாற்ற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி 2011இல் காட்கில் குழுவும், 2013இல் கஸ்தூரிரங்கன் குழுவும் அறிக்கை தந்தன. வயநாட்டுத் துயரத்துக்கு மறுநாள், 2024 ஜூலை 31 அன்று, மத்திய அரசு ஆறாவது முறையாக வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை, முடிவுக்குத்தான் பஞ்சம்.

இரண்டாவது, பத்திரமான இடத்தில் மனை. ஓய்வு பெறும் நாளில் அல்ல, சேவைக் காலத்திலேயே அது தொழிலாளியின் பெயருக்கு வர வேண்டும். உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆகவே பட்டா பெண்ணின் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருப்பதே முறை.

மூன்றாவது, நஷ்டஈட்டு ஷரத்து. இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் அங்கேயே குடிவைத்திருந்தால், இயற்கைச் சீற்றம் என்ற விலக்கு செல்லாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நான்காவது, குத்தகை முடியும் தோட்டங்கள். மாஞ்சோலையின் குத்தகை முடியும் தேதி 1929லேயே எழுதி வைக்கப்பட்டது. 95 ஆண்டுகள் கழித்து, காலி செய்யச் சொன்ன பிறகே மறுவாழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் இந்தத் தவறு நேராமல், குத்தகை முடிவதற்குப் பத்தாண்டு முன்பே தொழிலாளரின் மனைக்கும் வேலைக்கும் திட்டம் வகுக்கப்பட வேண்டும்.

மூணாறிலும் வால்பாறையிலும் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் புதிய தொழிலாளர்கள் வந்து லயங்களில் குடியேறுகிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் காலி செய்த அறைகளில் அவர்களுடைய குழந்தைகள் வளர்கின்றன. இன்று எழுதப்படும் விதிகளில் வீட்டை வேலையிலிருந்து பிரிக்காவிட்டால், நூறாண்டுக்கு முன்பு போடி மலைப்பாதையில் ஏறியவர்களின் கதையை இந்தப் புதியவர்களும் முதலிலிருந்து வாழ வேண்டியிருக்கும். மொழி மட்டும் வேறாக இருக்கும். விதிகளை வகுக்கும் மாநில அரசுகளும், அவற்றின் முன் வாதாடும் தொழிற்சங்கங்களும் இதை இப்போதே கவனிப்பது நல்லது.